எண்ணச் சொன்னோம், காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை

வீடு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. இரண்டாவது மாடியில் ஓர் அறை, சின்னச் சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. வாடகை 9,000, முன்பணம் 50,000. வீட்டுக்காரம்மா நல்லபடியாகத்தான் பேசினார். "தனியாவா இருப்பே?" என்று கேட்டவருக்கு, "பிஎச்டி பண்றேன்மா" என்றதும் முகம் மலர்ந்தது. கறி, மீன் விஷயத்தில்கூட, "ஞாயித்துக்கிழமை மட்டும் வெச்சுக்கோ" என்று இறங்கி வந்துவிட்டார். கிளம்பும்போது, "ஆதார் காப்பி ஒண்ணு வாட்ஸ்அப்ல போட்டு விடும்மா, ஸ்டேஷன்ல குடுக்கணும்" என்றார். விடுதிக்குத் திரும்பி, அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தன. காலையில் தரகர் அழைத்தார். "அவங்க பையன் பெங்களூர்லேர்ந்து வர்றாராம் பாப்பா. வேற பாக்கலாம்."

என் ஆதார் அட்டையின் பின்பக்கத்தில் அப்பா பெயர், கதவு எண், அதற்கடுத்து 'காலனி', அதற்கடுத்து ஊர்ப் பெயர், வட்டம், விழுப்புரம் மாவட்டம் என்று இருக்கும். சென்னையில் காலனி என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் எதுவும் கிடையாது. ரயில்வே காலனி உண்டு, வங்கி ஊழியர் காலனி உண்டு. ஒரு கிராமத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் காலனிக்கு ஒரே அர்த்தம்தான். அதைப் படிக்கத் தெரியாத ஆட்கள் வடமாவட்டங்களில் கிடையாது. சென்னைக்குக் குடிவந்து வீடு கட்டியவர்களிலும் குறைவு. அந்த அம்மா அதற்காகத்தான் மறுத்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒருவேளை பெங்களூரில் உண்மையிலேயே ஒரு பையன் இருக்கலாம். ஆனால் எனக்கு இது மூன்றாவது பையன்.

2025 ஏப்ரல் மாதம், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மகிழ்ந்தேன். இயக்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது அது. பெயர்ப்பலகையை ஒரு நாளில் மாற்றிவிடலாம். என் அட்டையின் நகல்கள் எத்தனை கைப்பேசிகளில் கிடக்கின்றன? சிம் வாங்கிய கடை, தங்கும் விடுதிகள், கூரியர், மூன்று வீட்டுக்காரர்கள், இரண்டு தரகர்கள். அவற்றில் ஒன்றையும் என்னால் திரும்ப வாங்க முடியாது.

தனியுரிமை பற்றிய கூட்டங்களுக்கு ஓரளவு போகிறவள் நான். அங்கே பேசப்படுவது பெரும்பாலும், 'செருப்பு பற்றிப் பேசினேன், உடனே செருப்பு விளம்பரம் வந்துவிட்டது' என்ற வகை. கொஞ்சம் தீவிரமான கூட்டமென்றால் பெகாசஸ். அல்லது பீமா கோரேகான் வழக்கு: ரோனா வில்சனின் கணினியில் இருந்த கடிதங்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் 2021இல் சொன்னது. அது மிகப் பெரிய விஷயம். நம் தளங்களில் நிறைய எழுதப்பட்டும் இருக்கிறது. நான் சொல்ல வருவது அதைவிடச் சின்னது, அன்றாடமானது. இந்த நாட்டில் ஒருவரைப் பற்றிய ஆக ஆபத்தான தகவல் அவருடைய சாதி. தரவுப் பாதுகாப்பு பற்றிய நம் பேச்சில் அது வருவதே இல்லை.

1917இல் அம்பேத்கர் பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதிக்குப் போனார். பார்சி அல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. விடுதிப் பராமரிப்பாளருக்கு வருமானம் வேண்டியிருந்தது. இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொள்வது. பதினோராவது நாள் காலை, தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவர் அறை வாசலில் நின்றது. அன்று மாலை வரை காமாத்தி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். இதை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடிகளைவிட அந்தப் பதிவேடுதான் கண்ணில் நிற்கும். ஒரு பொய்ப் பெயர் அவருக்குப் பத்து இரவுகளைக் கொடுத்தது. இன்று எந்த லாட்ஜிலும் அந்தப் பத்து இரவுகள்கூடக் கிடைக்காது. ஆதாரை நீட்டினால்தான் சாவி.

கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்ன கடுமையான வார்த்தைகள் நம் எல்லோருக்கும் தெரியும். கிராமம் என்பது எல்லோரும் எல்லோரையும் கண்காணிக்கிற இடம். எங்கள் ஊரில் நான் எந்தப் பேருந்தில் ஏறினேன், யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பது நான் இறங்குவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. எங்கள் ஆட்கள் நகரத்துக்கு ஓடிவந்தது கூலிக்காக மட்டுமில்லை. டீக்கடையில் யாரென்று தெரியாமல் ஒரு கிளாஸ் டீ குடிக்கலாம் என்பதற்காகவும்தான். அப்பா முதன்முதலில் சென்னைக்குக் கட்டட வேலைக்கு வந்தபோது அவருக்குப் பிடித்துப்போன விஷயம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார். "யாரும் யார் வூட்டுப் புள்ளைன்னு கேக்கலம்மா." அந்தக் கேள்வியை இப்போது யாரும் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், என் கட்டுரை ஒன்று வந்துவிட்டதா என்று பார்க்க என் பெயரை கூகுளில் போட்டேன். கட்டுரை வரவில்லை. நான் முதுகலை படித்தபோது கல்வி உதவித்தொகை பெற்றவர்களின் பட்டியல் வந்தது. ஒரு கல்வி நிறுவனத்தின் தளத்தில் பிடிஎஃப் கோப்பாகக் கிடந்தது. பெயர், அப்பா பெயர், சாதிப் பிரிவு, கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண். நூறு பேருக்கு மேல். நீக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். 'வெளிப்படைத்தன்மைக்காக' வெளியிட்டதாகப் பதில் வந்தது. நான்கு முறை போனில் பேசிய பிறகு பக்கத்திலிருந்து இணைப்பை எடுத்தார்கள். பழைய முகவரியை நேராகத் தட்டினால் கோப்பு இன்றும் திறக்கிறது. அதே பட்டியலில் இருந்த ஒரு தங்கையின் பெயரை வட்டமிட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்களாம். அவள் அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சாதி என்ற கட்டம் இல்லாத இடத்திலும் மற்ற கட்டங்களை வைத்துப் பிடித்துவிடுவார்கள். ஊர், பள்ளி, அப்பாவின் தொழில், நுழைவுத் தேர்வில் எடுத்த தர எண். மும்பை ஐஐடியில் தர்ஷன் சோலங்கி இறந்த பிறகு, 2023இல் அந்த நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: சக மாணவரின் தர எண்ணைக் கேட்காதீர்கள், அது சாதியைத் தெரிந்துகொள்ளும் முயற்சியாகக் கருதப்படலாம் என்று. வெறும் எண்கூட சாதியைச் சொல்லிவிடும் என்பதை ஐஐடி ஒப்புக்கொண்டதற்காக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஒன்றிய அரசு வைத்த வாதங்களில் ஒன்று, தனியுரிமை என்பது வசதியானவர்களின் கவலை என்பது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு ஒரு சட்ட வரைவைத் தந்தது. அதில் 'உணர்திறன் மிக்க தனிநபர் தரவு' என்று ஒரு வகை இருந்தது. உடல்நலம், பாலியல் வாழ்வு, மதம் ஆகியவற்றோடு 'சாதி அல்லது பழங்குடி' என்பதும் அதில் இடம்பெற்றிருந்தது. இவற்றைக் கையாளக் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. 2019 மசோதாவிலும் அது நீடித்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. என் சாதிச் சான்றிதழும் என் பீட்சா ஆர்டரும் இப்போது சட்டத்தின் கண்ணில் ஒரே மாதிரியான தரவு. நாடாளுமன்றத்தில் இதற்காக யாராவது குரலை உயர்த்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நம் இயக்கங்களும் உயர்த்தவில்லை. இதை நான் ஒரு புகாராகவே சொல்கிறேன்.

அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவில் இருந்த வாசகம் போய்விட்டது. ஆதிதிராவிடர் நலத் திட்டத்தில் ஒதுக்கிய பணம் யார் பெயரில் செலவானது, மலக்குழி மரணத்துக்கு இழப்பீடு எந்தக் குடும்பத்துக்குப் போனது என்று நம் தோழர்கள் மனுப் போட்டுத் தோண்டி எடுத்தார்களே, அந்தக் கேள்விகளுக்கு இனி 'தனிநபர் தகவல்' என்று ஒற்றை வரியில் பதில் எழுதலாம். 2025 நவம்பரில் விதிகளை அறிவித்தபோது இந்தத் திருத்தத்தை உடனே அமலுக்குக் கொண்டுவந்தார்கள். நம் தரவைக் காக்க வேண்டிய முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம்.

அரசின் பதிவேடுகள் எங்களைக் காக்கும் என்று நம்புவதற்கு வரலாறும் இடம் தரவில்லை. ரேகை என்ற சொல்லை முதலில் பயங்கரமாக்கியது குற்றப்பரம்பரைச் சட்டம். ஒரு சமூகத்தில் பிறந்ததற்காகவே விரல் ரேகையைக் கொடு, இரவில் காவல் நிலையத்தில் வந்து படு என்றது அது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். (அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் ஒருவரை ஊராட்சித் தலைவராக விடாமல் தடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன்.) 1920இலேயே வந்த கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தில் 2022இல் புதிய சட்டம் வந்தது. ரேகையோடு கண் விழித்திரை, கருவிழிப் பதிவு, உடல் மாதிரிகள். 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். சிறைகளில் தலித், பழங்குடி, இஸ்லாமியரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட அதிகம் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன. யார் முகம் அந்தக் கிடங்கில் அதிகம் இருக்கிறதோ அவர்கள் முகத்தோடுதான் அடுத்த திருட்டு வழக்கும் ஒத்துப்போகும். சிறைப் பதிவேட்டில் சாதி என்ற கட்டமே இருக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2024 அக்டோபர் ஆகிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எனக்குள்ளும் உண்டு. கேட்காமல் போனால் நேர்மையாக இருக்காது. கேமராக்கள் நமக்கு உதவியதே இல்லையா? கோகுல்ராஜ் 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கொண்டுபோகப்பட்டதை நிறுவியதில் கோயில் கேமராப் பதிவுக்கு முக்கியப் பங்கு உண்டு. சாட்சி சொன்னவர் பிறழ்ந்தபோதும் அந்தப் பதிவு நின்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள்; 2023 ஜூனில் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கரை வெட்டியதையும் ஒரு கேமராதான் பார்த்தது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. கேமரா இல்லையென்றால் இரண்டு வழக்குகளும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வாதம் தடுமாறுகிறது.

ஆனால் சங்கர் வழக்கில் பிறகு நடந்ததையும் பாருங்கள். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது; மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வெட்டிய கைகளைக் கேமரா பார்த்தது. சதியைப் பார்க்கவோ நிறுவவோ தெருக் கேமராவால் முடியவில்லை. சாதி முடிவெடுக்கும் இடம் வீட்டுக் கூடம். அங்கே அரசின் கேமரா கிடையாது; வேண்டவும் வேண்டாம். அங்கே வேறு ஒரு கண்காணிப்பு ஏற்கெனவே நடக்கிறது.

என் தோழி ஒருத்தி. நிலமும் செல்வாக்கும் உள்ள சாதி. முப்பது வயதுக்குப் பக்கம், ஐ.டி. வேலை. இரவு பத்து மணிக்கு அவள் கைப்பேசி அப்பாவின் மேசைக்குப் போய்விடும். கடவுச்சொல் அண்ணனுக்குத் தெரியும். இருப்பிடம் எந்நேரமும் அம்மாவுக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். 'பாதுகாப்புக்காக' என்பதுதான் வீட்டில் அதற்குப் பெயர். அகமணமுறையே சாதியின் உயிர்நாடி, அதைக் காப்பதற்காகவே பெண்ணின் மீது அத்தனை கட்டுப்பாடுகளும் என்று அம்பேத்கர் 1916இல், 25 வயதில், எழுதினார். அன்று அதற்குத் திண்ணையும் வாசற்படியும் போதுமாக இருந்தன. இன்று வாசற்படியைப் பெண் பையில் போட்டுக்கொண்டே அலுவலகம் போக வேண்டியிருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஓர் அண்ணனைத் தடுக்க அதனிடம் எதுவும் இல்லை.

அவள் ஒருநாள் துணிந்து பதிவுத் திருமணம் செய்ய நினைத்தால்? 1954 சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. பெயர், வயது, தொழில், முகவரி எல்லாவற்றோடும் அலுவலகத்தில் ஒட்டுவார்கள். கேரளத்தில் இந்த அறிவிப்புகளை இணையத்திலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதவெறிக் குழுக்கள் அவற்றைத் தரவிறக்கி, சேர்ந்து வாழ விரும்பிய ஜோடிகளின் விவரங்களைச் சமூக ஊடகங்களில் பரப்பிய பிறகு, 2020இல் ஏற்றுவதை நிறுத்தினார்கள். சாதிவெறியனுக்கு இதைவிட நல்ல முகவரிப் புத்தகத்தை எந்த உளவு மென்பொருள் தரும்?

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு முன்னோடி நம் வீட்டிலேயே இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் முன்னறிவிப்பு எதையும் கேட்கவில்லை. உறவினர், நண்பர், யார் முன்னிலையிலும் போதும். அது ஊரறிய நடக்க வேண்டும், வழக்கறிஞர் அறையில் நடந்தால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குடும்பத்தின் எதிர்ப்பும் ஆபத்தும் இருக்கும்போது ஊரறியச் செய் என்பது உயிருக்கே உலைவைக்கும் என்பது அதன் காரணங்களில் ஒன்று. தனியுரிமை பற்றி இந்தியாவில் வந்த நல்ல தீர்ப்புகளில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன். தனியுரிமை பற்றிய பாடநூல்களில் இதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு தோழர் கேட்கலாம்: அப்படியென்றால் சாதியை எங்கேயும் எழுதவே வேண்டாமா? சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டுமென்று நாம்தானே கேட்டோம்?

ஆமாம், நாம்தான் கேட்டோம். இன்னும் கேட்கிறேன். 1931க்குப் பிறகு எல்லாச் சாதியினரையும் எண்ணி வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கு இல்லை. 2011இல் எடுத்த சாதி விவரத்தை வெளியிடாமல் பூட்டி வைத்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்றுதான் அடுத்த கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 'சாதியை எழுதாதே, அது தனியுரிமை' என்று நாளைக்கு யாராவது வருவார்கள். தங்கள் நிலத்தையும் பதவியையும் எண்ணிவிடக்கூடாது என்பதே அவர்கள் கவலை. அவர்களோடு சேர்ந்து நிற்க எனக்கு விருப்பமில்லை. பீகார் 2023 அக்டோபரில் கணக்கை வெளியிட்டபோது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36 சதவீதம் என்ற எண் அரசியலையே அசைத்தது. அதற்கு யாருடைய கதவு எண்ணும் தேவைப்படவில்லை.

1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், தனிநபர் விவரத்தை யாருக்கும் காட்டக்கூடாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்கக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது காகிதப் படிவக் காலத்தில் எழுதப்பட்டது. 2027 கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலியில் நடக்கப்போகிறது. பெயர், சாதி, கதவு எண் மூன்றும் ஒரே திரையில் ஏறும். அந்தத் தரவு எந்தக் கணினியில், யார் பொறுப்பில், எத்தனை நாள் இருக்கும்? பெயரையும் சாதியையும் எப்போது பிரிப்பார்கள்? காவல்துறைப் பதிவோடோ வாக்காளர் பட்டியலோடோ ஆதாரோடோ இணைக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தருவார்களா? சாதிவாரிக் கணக்கெடுப்புக்காகத் தெருவில் நின்ற இயக்கங்கள்தான் இந்தக் கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். கூடவே, 2019 மசோதாவில் இருந்த 'சாதி அல்லது பழங்குடி' மீண்டும் சட்டத்துக்குள் வர வேண்டும். உதவித்தொகைப் பட்டியல்கள் விண்ணப்ப எண்ணோடு நிற்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் முன்னறிவிப்பு போக வேண்டும். இவற்றுக்கு ஒரு கையெழுத்து இயக்கம்கூட நாம் நடத்தியதில்லை.

ஆதார் நகல் தரும்போது முதல் எட்டு இலக்கங்களை மறைத்த வடிவத்தைக் கொடுங்கள் என்று பாதுகாப்பு ஆலோசனை சொல்கிறார்கள். பதிவிறக்கிப் பார்த்தேன். எண் மறைந்திருக்கிறது, முகவரி முழுசாக இருக்கிறது. முகவரியை மாற்றிவிடலாமே என்று அண்ணன் கேட்டான். சென்னை முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு ஆதார் வேண்டும்.

இதை எழுதி முடிக்கும் முன் அந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "வணக்கம் அம்மா, வீடு அமையலை, பரவாயில்லை. நான் அனுப்பின ஆதார் படத்தை மட்டும் உங்க போன்லேர்ந்து அழிச்சிடுங்க." இரண்டு நீல டிக் விழுந்தன. இன்னும் பதில் வரவில்லை.